சீனி அலியார் வெட்டிய பக்கங்கள்

"'லாஞ்சுப் படகிலிருந்து கழுத்தளவு கடலில் குதித்தேன். கரையேறியபோது என்னிடம் இருந்தவை உடுத்திய ஈரத் துணியும், மை கரைந்துபோன ஒரு முகவரிச் சீட்டும்தான்.' இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க முதலாளி," என்றார் உமாபதி. "சனம் கண்ணத் துடைக்கட்டும்."

சனம் இருக்கட்டும். துபாயின் தேரா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த சீனி அலியாருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் கூட்டம். புதிதாகக் கடை போட வந்திருக்கும் இளைஞர்களுக்கு 'வியாபாரத்தில் வாய்மை' என்று பேச வேண்டும். அலியார் மேடை ஏறுவது அதுவே முதல் முறை. நோட்டீசில் பெயருக்கு முன்னால் 'வணிகச் செம்மல்' என்று அச்சடித்திருந்தார்கள். அவர் அதை மடிக்காமல், கசங்காமல் ஒரு வாரமாகக் கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

உரையை எழுதிக் கொடுத்தவர் கடையில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் உமாபதி. மாயவரத்துக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, பேனாவுக்கு மூடி, பேச்சுக்கு மரியாதை.

"இந்த லாஞ்சுக் கதைய எங்கேருந்து புடிச்சீங்க?" என்று கேட்டார் அலியார்.

"எழுதும்போது வந்துச்சு முதலாளி."

"பெரிய கற்பனை உங்களுக்கு."

வீட்டுக்குப் போனதும் மனைவி அஸ்மத் பீவியை உட்காரவைத்துக் குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினார். அவள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே கேட்டாள்.

"பாவமா இருக்கு மச்சான். யாரு இந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"கடல்ல குதிச்சவரு."

"நாந்தான்."

அஸ்மத் பீவி கையை நிறுத்தினாள். "நீங்க பம்பாயிலேருந்து கப்பல்லதானே வந்தீங்க? எங்க வாப்பா கார எடுத்துக்கிட்டு வந்து துறையில நின்னாங்களே. கார் சீட்டு சுடுதுன்னு துண்டு வாங்கிப் போட்டு உக்காந்தீங்களாமே."

"மேடையில எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க."

"சரி. தலைப்பு என்னன்னு சொன்னீங்க?"

"வாய்மை," என்றார் அலியார். படித்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

காலையில் முதல் வேலையாக லாஞ்சை வெட்டச் சொன்னார். உமாபதியின் முகம் விழுந்தது. இரண்டு பக்கம் போயிற்று.

"அப்ப பட்டினியையாவது கூட்டிடலாம் முதலாளி. மூணு நாள் பேரீச்சம்பழத்தையும் தண்ணியையும் வச்சு ஓட்டின கதை."

"மாமனார் வீட்டுல மூணு வேளையும் பிரியாணியும் வட்டலப்பமும். வந்த ரெண்டாம் மாசம் சட்டையெல்லாம் பத்தாமப் பிரிச்சுத் தச்சோம். வெட்டுங்க."

இன்னும் ஒரு பக்கம் போயிற்று. பிறகு வந்தது சாயம் போன சேலையின் கதை. குறையுள்ள சேலையை முதலாளி இன்முகத்தோடு திரும்பப் பெற்று, வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டதாக உமாபதி உருக்கமாக எழுதியிருந்தார்.

அலியாருக்கு ஒரு நர்ஸ் அம்மா நினைவுக்கு வந்தார். சுகிர்தராணி. நீலச் சேலையை வாளியோடு கொண்டுவந்து காட்டினார். வாளித் தண்ணீர் ஊதாவாக இருந்தது. 'ஜப்பான் சரக்கு முதல்ல அப்படித்தான் இருக்கும்மா, போகப் போகச் சரியாயிடும்' என்று சொல்லி அனுப்பிவைத்தவர் இதே அலியார்தான். அந்தச் சேலை வந்த மூட்டை முழுவதிலும் சாயம் நிற்காது என்று அவருக்கு முன்பே தெரியும்.

"இதையும் வெட்டுங்க," என்றார்.

"முதலாளி, மிச்சம் ஒண்ணும் இல்ல."

இருந்தது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி. உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். அதை வெட்ட அலியாருக்குக் கை வரவில்லை. திரும்பத் திரும்பப் படித்தார். ஒவ்வொரு முறையும் அந்தத் தானியம் நீலமாகவே தெரிந்தது.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் திரைக்குப் பின்னால். மைக் கீச்சிட்டது. மைக் செட்டுக்காரர் இஸ்ரவேல் ஓடி வந்து திருகிச் சரிசெய்தார். அலியாருக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஸலாம் சொல்லி, தானியக் குவியலைச் சொல்லி முடித்தபோது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை.

கீழே முந்நூறு முகம். அலியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல இன்னும் நாலு பக்கம் இருந்துச்சு. லாஞ்சுல வந்தேன், கடல்ல குதிச்சேன், பட்டினி கெடந்தேன்னு. எல்லாம் பொய். எங்க கடை உமாபதி கற்பனையா எழுதினது. நான் கப்பல்ல வந்தேன். மாமனார் காருல போனேன்."

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் உமாபதி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. சாயம் போகும்னு தெரிஞ்சே நீலச் சேலை வித்திருக்கேன். ஒரு நர்ஸ் அம்மா கேட்டு வந்தப்ப பொய் சொல்லி அனுப்பினேன். குவியலுக்குள்ள இருந்த ஈரம் அதுதான். அந்த அம்மா வரட்டும், வேற சேலை தர்றேன்."

"எனக்கும் நீலந்தான்," என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல்.

"எனக்கு ரெண்டு," என்றது இன்னொன்று.

"எங்க மாமிக்கும் சேத்துச் சொல்லுங்க."

குரல்கள் பெருகின. அலியார் எண்ணுவதை விட்டுவிட்டார். "எல்லாரும் வாங்க. மூட்டைய மேல எடுத்து வச்சிடறேன்," என்றார்.

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். இளைஞர்கள் வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். வாசலில் அஸ்மத் பீவி காத்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட வந்த பெண்களிடம், "எங்க வீட்டு ஆளு," என்று மட்டும் சொன்னாள். தன் உயரம் ஒரு சாண் கூடிவிட்டது போல இருந்தது அலியாருக்கு. இனி எந்த மேடையிலும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம். ஒரு பொய்கூடப் பாக்கி இல்லை.

வெளியே உமாபதி தனியாக நின்றிருந்தார். அலியார் அவர் தோளில் கை போட்டார்.

"வருத்தமா? பொய்யப் பொய்யின்னுதானே சொன்னேன்."

"வருத்தமெல்லாம் இல்ல முதலாளி," என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார் உமாபதி.

மைக் வயரை முழங்கையில் சுற்றியபடி வந்த இஸ்ரவேல் இருவரையும் பார்த்து நின்றார்.

"நல்லாப் பேசுனிய முதலாளி. ஒண்ணுதான் தப்பாப் போச்சு. அந்த லாஞ்சு பொய்யில்ல. நீச்சல் தெரியாதுன்னு அழுத இந்த உமாபதியக் கோர்ஃபக்கான் கரை வரைக்கும் தோள்ல தூக்கிட்டு வந்தவன் நாந்தான்."