வாய்முகூர்த்தம்

சரவிளக்கு விழுந்த சத்தம் அடங்கியபோது, ரேடியோ இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். பொத்தி என்ன பிரயோஜனம்? பேச வேண்டியதையெல்லாம் பேசித் தொலைத்தாகிவிட்டது.

ஓயாமல் பேசுவதால் அந்த விளக்குக் கடையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். விற்பனைக்கு அந்த வாய்தான் மூலதனம். அதே வாயால்தான் முன்பு பார்த்த வேலைகளும் போயின. அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி இன்று மாலை சொல்வதாக இருந்தார். வீட்டிலோ மனைவி நிறைமாதம்.

அப்படிப்பட்ட நாளில்தான், புதிதாக மாட்டிய சரவிளக்கை அண்ணாந்து பார்த்து, "என்னா அழகு! எத்தனை வருஷமானாலும் அசையாது முதலாளி!" என்றான். அவன் நாலடி நகர்வதற்குள் அது அசைந்தது. அப்புறம் விழுந்தது.

முதலாளி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ரேடியோவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கேஷியர் அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, முதலாளி என்னை என்னமோ திட்டிட்டாரு!"

"திட்டலடா. எல்லாப் புகழும் இறைவனுக்கேன்னாரு. யார் தலையிலயும் விழலையே, அதுக்கு."

"அப்ப கோபம் இல்லையா?"

"அது அவருக்குத்தான் தெரியும். ஆமா, விளக்கைப் புகழ்ந்தியே, மாஷா அல்லாஹ் சொன்னியா?"

"அப்படின்னா?"

"இறைவன் நாடியது நடந்திருக்குன்னு அர்த்தம். நல்லது ஒண்ணு கண்ணை நிறைச்சா நாங்க அதைச் சொல்லிடுவோம். சொல்லாமப் புகழ்ந்தா கண்ணு பட்டுடும்னு பயம்."

ரேடியோ கணக்குப் போட்டுப் பார்த்தான். போன வாரம் முதலாளியின் புதுக் காரைத் தடவித் தடவிப் புகழ்ந்தான். மறுநாளே அது நடுரோட்டில் படுத்துக்கொண்டது. "இந்த வயசிலயும் பல்லெல்லாம் முத்து முதலாளி" என்றான். இப்போது அவர் கன்னம் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்கிறது. எல்லாம் தன் கைங்கரியம்தான் என்று நினைத்தபோது அவனுக்கே தன்னைக் கண்டு பயமாக இருந்தது.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். விட்டுப்போன வார்த்தையை இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று முதலாளியின் அறைக்கு ஓடினான். அவர் கன்னத்தைப் பிடித்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சுக்குநூறாப் போச்சு. பெரிய நஷ்டம்..."

"மாஷா அல்லாஹ்!" என்றான் ரேடியோ.

முதலாளி போனை வைத்தார். "என்ன சொன்னே?"

"இல்ல முதலாளி... அது பல்லுக்குச் சொன்னது."

"பல்லைப் பிடுங்கணுமாம்."

நாக்கு முந்திக்கொண்டது. "மாஷா அல்லாஹ்!"

முதலாளி வாசலைக் காட்டினார்.

"பாவி, போயும் போயும் அங்கேயா சொல்லுவே?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி எதையுமே புகழ்வதில்லை என்று ரேடியோ முடிவு கட்டினான். அந்த நேரம் பார்த்து, புது வீட்டுக்கு விளக்கு வாங்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

"இது நல்லா இருக்குமா?"

"சுமார்தாங்க."

"வெளிச்சம்?"

"ஏதோ எரியும்."

"வேற நல்லதாக் காட்டுங்களேன்."

"எல்லாமே இந்த லட்சணம்தாங்க."

அவர்கள் போய்விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி வெளியே வந்தார்.

"சாயங்காலம் உள்ளே வா."

"வேலை நிரந்தரம்தானே முதலாளி?" ரேடியோ பின்னாலேயே ஓடினான்.

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"இறைவன் நாடினால்."

"இறைவன் நாடிடுவாருக்கா. முதலாளி நாடணுமே!"

மாலை வந்தது. அறைக்குள் போன ரேடியோ, அக்கா சொல்லிக்கொடுத்தபடி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்.

"வ அலைக்கும் ஸலாம்."

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்றால், உங்கள் மீதும் உண்டாகட்டும் என்று பதில். சாந்தி உண்டாகட்டும் என்று வாழ்த்திய வாயாலேயே ஒரு மனிதர் வேலையை விட்டு அனுப்புவாரா? ரேடியோ கொஞ்சம் மூச்சு விட்டான்.

"தம்பி, நாளையிலேர்ந்து நீ இந்தக் கடைக்கு வர வேணாம்."

விட்ட மூச்சு பாதியில் நின்றது. "முதலாளி, வீட்டுல அவ..."

"பல்லு உயிரை எடுக்குது. வாசல்ல கார் நிக்குது, மத்ததை டிரைவர் சொல்லுவாரு."

ரேடியோ எப்படி வாசலுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் முகம்கூட ஒரு நொடி கண்ணில் வந்து போனது.

"என்னை வீட்டுல கொண்டுபோய் விடப்போறீங்களா அண்ணே? அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சம்பளம் கூடிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் டிரைவர். "பக்கத்துத் தெருவுல முதலாளியோட மச்சான் போட்டிக்கு ஒரு விளக்குக் கடை திறக்குறாரு, நாளையிலேர்ந்து தினமும் நீங்க அங்க போய் நின்னு வாயாரப் புகழணுமாம், அந்த மாஷா அல்லாஹ்வை மட்டும் மறந்தும் சொல்லிடக் கூடாதாம்!"