நில எண் 412-3இல் காணப்படாத பறவைகள் குறித்து

ஜூன் 30, ஞாயிறு

மதிப்பிற்குரிய மைத்துனர் பாண்டோ கென்சகு அவர்களுக்கு,

பருவமழை விட்டுவிட்டுப் பெய்து, வேலியோர ஹைட்ராஞ்சியாப் பூக்கள் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், தாங்களும் தங்கள் இல்லத்தாரும், தங்கள் தாமரை வயல்கள் நான்கும் (கீழ் வயலின் கிழக்கு வரப்பு நீங்கலாக; அதைப் பற்றிப் பின்னர்) நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் தமக்கை தமாயோவும் நலம். என் வலது முழங்காலைப் பற்றி மட்டும் எவ்வித உறுதியும் அளிக்கும் நிலையில் இல்லை.

இக்கடிதத்தின் நோக்கம் நன்றி தெரிவிப்பது. மன்னிப்புக் கோருவது அதன் உட்பிரிவு. தாங்கள் செய்த உதவி எதற்கு உதவியது என்ற முழு விவரம் தங்களுக்கு இதுவரை தெரியாது. காரணம் தெரியாமல் ஒருவர் நன்றியைப் பெற்றுக்கொள்வது முறையாகாது என்பதால், நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் சட்ட ஆவண எழுத்தராக இருந்து நான் ஓய்வுபெற்றபோது தாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து எனக்கொரு கேமராவும் நீண்ட லென்ஸும் பரிசளித்தது நினைவிருக்கும். அதன் பயனாக ஆற்றோரப் படக்கலை நண்பர் கழகத்தில் சேர்ந்தேன். கழகத்தின் மாத இதழுக்கு ஆசிரியரான கமாதா, மலையடிவாரம் முதல் கழிமுகம் வரை யோஷினோ ஆற்றின் அடையாளச் சின்னங்களையும் உயிரினங்களையும் பன்னிரண்டு படங்களில் காட்டும் தொடர் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார். சென்ற செப்டம்பரில், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும் தாழ்பாலம் ஒன்றில் தொடங்கினேன். அப்பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது என்பதை அறிந்தே நடுப்பாலத்தில் ட்ரைபாடை நிறுத்தினேன்; வண்டிகள் வரலாம் என்ற அறிவிப்புப் பலகையையும் படித்திருந்தேன்; ஆனால் வண்டி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று அப்பலகை சொல்லவில்லை. கத்தரிக்காய் ஏற்றிய சிற்றுந்து ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்மணி தலையை நீட்டி, "தாத்தா, ஆத்துல நீங்க விழுற மாதிரி படம் வேணுமா, நான் விழுற மாதிரி வேணுமா? சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்" என்றார். திரும்பினால் ட்ரைபாட் வண்டியில் இடிக்கும் என்பதால் அறுபது மீட்டர் தூரம் பின்னோக்கியே நடந்து கரையேறினேன். என் தொப்பி ஆற்றோடு போயிற்று. தொடரின் மீதிப் பதினோரு இடங்களையும் அது எனக்கு முன்பே பார்த்திருக்கும்.

இரண்டாவதாக, அயூ மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர். ஒருவரது முகம் தெரியும் படத்தை அவர் இசைவின்றி வெளியிடக்கூடாது அல்லவா. எனவே இசைவுப் படிவத்தை இரு பிரதிகளாக எடுத்துக்கொண்டு தொடையளவு நீரில் இறங்கி அவரிடம் சென்றேன். ஒன்பது மீட்டர்த் தூண்டிலை இரு கைகளாலும் பிடித்திருந்தவர் படிவத்தைக் கடைசி வரி வரை பொறுமையாகப் படித்துவிட்டு, "கையெழுத்துக்குப் பக்கத்துல முத்திரை வேற வைக்கணுமா? ஆத்துக்கு நடுவுல முத்திரையக் கொண்டுட்டு எவன்யா மீன் பிடிக்க வருவான்?" என்று கேட்டார். கட்டைவிரல் ரேகையும் செல்லும் என்று விளக்கி மைப்பெட்டியைத் திறந்தேன். அக்கணத்தில் சாம்பல் நாரை ஒன்று இறங்கி, அவருடைய மீன்கூடையிலிருந்த மீனை எடுத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே பறந்து போயிற்று. அப்படியொரு காட்சி என் ஆயுளில் மீண்டும் கிடைக்காது. என் ஒரு கையில் படிவம், மறு கையில் மைப்பெட்டி. பெரியவர் ரேகை வைத்துவிட்டு, "நாரைகிட்டயும் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார். அந்த இசைவுப் படிவம் இன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதற்குரிய படம்தான் இல்லை.

மூன்றாவதாக, மே மாதத் தொடக்கத்தில் கழிமுகச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டும் நண்டுகள். நாம் அசைந்தால் அவை வளைக்குள் போய்விடும் என்பதால் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றேன். நண்டுகள் வெளியே வந்தன. நான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன். தாங்கள் இரவல் தந்த, வயலில் இறங்க உடுத்தும் ரப்பர் காலாடையை விட்டுவிட்டு நான் மட்டும் வெளியேற வேண்டியதாயிற்று. அது இன்னும் அங்கேயே நிமிர்ந்து நிற்கிறது; நீர்க்காகம் ஒன்று அதன்மேல் உட்கார்ந்து சிறகு உலர்த்துகிறது. தொடரின் பதினோராவது படம் அதுவே. தங்கள் காலாடைக்காக என் வருத்தத்தையும், அப்படத்துக்காக என் நன்றியையும் ஒருங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

இனிப் பன்னிரண்டாவது படத்துக்கு வருகிறேன். கழிமுக மணல்திட்டில் சிற்றாலா என்னும் சிறு கடற்பறவைகள் கூடு வைத்திருந்தன. கூடு என்றால் மணலில் ஒரு சிறு குழி, அதில் கூழாங்கல் போன்ற இரண்டு முட்டைகள். தெரியாமல் நடந்தால் காலடியில்தான் தெரியும். கரைமேட்டிலிருந்தே நீண்ட லென்ஸால் படமெடுத்தேன். ஓர் அடிகூட அருகில் போகவில்லை. படம் நன்றாகவே அமைந்தது: தாய்ப்பறவை, முட்டைகள், பின்னால் மங்கலான வெளிச்சம் மட்டும். கழகத்தின் படிவத்தில் தலைப்பு, நாள், இடம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மற்ற உறுப்பினர்கள் "இடம்" என்ற கட்டத்தில் "ஆற்றோரம்" என்று எழுதுவார்கள். கூட்டுப் படமென்றால் எதுவுமே எழுதமாட்டார்கள். கூடு இருக்கும் இடத்தை ஒருபோதும் வெளியிடக்கூடாது என்பது பறவை படமெடுப்பவர்களிடையே எழுதப்படாத விதியாம். அப்படியொரு விதி இருப்பதாக எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. வெற்றுக் கட்டத்தோடு ஒரு படிவத்தை ஒப்படைப்பது முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் செய்திராத காரியம். ஆகவே வழக்கம்போல நில எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் ஐந்தாம் தேதி இதழ் வந்தது. அதைக் கமாதா இணையத்திலும் ஏற்றியிருந்தார். தமாயோ சோற்றுக் கரண்டியோடு என் அறைக்கு வந்து நின்றாள்.

"கூடு இருக்கற எடத்துக்கு சர்வே நம்பரே போட்டுக் குடுத்துட்டீங்களா?"

"இடத்தைக் கேட்டிருந்தார்கள்."

"காக்காவுக்கு மட்டும் சொல்லாம விட்டீங்களே, அதுக்கும் ஒரு காப்பி அனுப்பிருங்க! சனிக்கிழமை ஊர்ப்பட்ட லென்ஸும் திட்டுல ஏறும். தாய் எழுந்து போயிரும். ஒரு மணி நேரம் வெயில் பட்டா முட்டை வெந்துரும். ஒம்போது கூடுங்க, ஒம்போது!"

அந்த மூன்று நாட்களும் நான் உண்ட உணவின் பெயர் எனக்கு நினைவில்லை. இதழைத் திரும்பப் பெற முடியாது. இணையத்தில் நானூறு பேர் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். சனிக்கிழமை விடியும்போதே திட்டின் வழியை மறித்து நிற்பது என்று முடிவு செய்து, குடையோடு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. காலை ஐந்து மணிக்குத் தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

"அத்தான், எங்க கீழ் வயல்ல ஏதாவது புதைச்சு வெச்சிருக்கீங்களா? முப்பத்தொரு பேரு வரப்புல வரிசையா பீரங்கிய நாட்டிக்கிட்டு நிக்கறாங்க. அத்தனையும் தாமரை இலையப் பாத்துக்கிட்டு!"

விளக்கம் இதுவே. மணல்திட்டு வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறுவது. அதற்கு நில எண்ணே கிடையாது. கட்டத்தைக் காலியாக விட மனமின்றி, பழைய பதிவு வரைபடத்தில் அவ்விடத்தில் இருந்த 412-3 என்ற எண்ணை எழுதியிருந்தேன். அந்த நிலத்தை ஆறு எப்போதோ கொண்டுபோய்விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வயல்களைச் சீரமைத்தபோது, பயனற்றுக் கிடந்த அவ்வெண்ணை மூன்று கிலோமீட்டர் உள்ளே தங்கள் கீழ் வயலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கான ஆவணங்களைத் தயாரித்தவர் ஓர் இளம் எழுத்தர். கவனமானவர் என்று பெயரெடுத்தவர். அவர் நான்தான்.

மிதிவண்டியில் விரைந்து வந்த என்னைத் தாங்கள் தாமரைக் கிழங்கு கழுவும் கொட்டகைக்குள் இழுத்துப் போனதும், நான் கூடுகளைப் பற்றிச் சொல்லி, "தவறான எண் என்று அவர்களிடம் சொல்லிவிடுவதுதான் முறை" என்றதும், அதற்குத் தாங்கள் சொன்னதும் அப்படியே நினைவிருக்கிறது.

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க? அப்ப சரியான எடம் எதுன்னு கேப்பாங்க. ஒங்களால பொய் சொல்ல முடியாது. வாயத் தொறந்தீங்கன்னா பாலத்துல இருந்து எத்தனை அடின்னு சேத்துச் சொல்லிருவீங்க. பேசாம உக்காருங்க. முட்டை பொரிஞ்சு குஞ்சு பறக்க எத்தனை நாளாகும்?"

"முட்டைகள் பொரியும் தறுவாயில் உள்ளன. இன்னும் மூன்று வாரம்."

"அவ்வளவுதானே? எங்கிட்ட விடுங்க."

தாங்கள் வெளியே போய் அவர்களிடம் பேசியதைக் கொட்டகையின் பலகை இடுக்கு வழியாகக் கேட்டேன். "பறவையா? வரும் வரும்னு சொல்லிக்கறாங்க. காலைல வரலேன்னா சாயங்காலம் வரும். டீ குடிக்கறீங்களா? கெழங்கு வறுவல் இருக்கு, சாப்பிடுங்க." தங்கள் கூற்றைப் பின்னர் ஆராய்ந்து பார்த்தேன், எந்தப் பறவை என்று தாங்கள் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. சட்டக் கண்ணோட்டத்தில் அது பொய்யாகாது. ஆனால் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த அம்மையார் ஒருவர் கொட்டகைக்குள்ளேயே வந்து, "நீங்கதானே மிமா? நீங்க போட்ட எடம் இதுதானா? நேரா சொல்லுங்க" என்று கேட்டார். ஒன்பது கூடுகளும் என் நாக்கின்மேல் இருந்தன. "இதழில் அச்சாகியுள்ள எண்ணுக்குரிய நிலம் இதுவே" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அம்மையார் திருப்தியோடு போய் உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் தாங்கள் கிழங்குக் கூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

அதன்பின் நான்கு வார இறுதிகள். மழை பெய்தபோது அத்தனை பேருக்கும் கொட்டகையைத் திறந்துவிட்டீர்கள். கிழக்கு வரப்பு இடிந்து, பல் மருத்துவர் ஒருவர் கேமராவோடு மார்பளவு சேற்றில் இறங்கியபோது கிழங்கு கழுவும் குழாயாலேயே அவரைக் கழுவி மேலேற்றினீர்கள். "அடுத்த தடவை தலைகீழா விழுங்க டாக்டர், கழுவ வசதியா இருக்கும்" என்று தாங்கள் சொன்னதற்கு அவர் கோபிக்காமல் சிரித்ததற்குக் காரணம், அன்று காலை மஞ்சள் குருகு என்னும் சிறு கொக்கு ஒன்று வந்து இரண்டு தாமரைத் தண்டுகளில் காலை அகட்டி வைத்து நின்றதுதான். ஆலாவைத் தேடி வந்தவர்கள் குருகை ஆயிரக்கணக்கில் படமெடுத்துப் போனார்கள். எவரும் ஏமாற்றத்தோடு போனதாகத் தெரியவில்லை.

கழிமுகத்திலோ ஒரு காலடித் தடமும் விழவில்லை. தமாயோ தினமும் கரைமேட்டிலிருந்து தொலைநோக்கியில் எண்ணினாள். சென்ற வியாழக்கிழமை, ஜூன் இருபத்தேழாம் தேதி காலை, பதினான்கு குஞ்சுகள் எழும்பித் திட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கடல் பக்கம் போயின. தமாயோ தொலைநோக்கியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருமணமாகி நாற்பத்தோரு ஆண்டுகளில் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. கென்சகு, அந்தப் பதினான்கும் தங்கள் வரப்பின் மேல் நடந்துதான் பறந்தன. என் தொழிலில் நன்றிக்கென்று ஒரு படிவமும் இல்லை. இருந்திருந்தால் இன்று ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டிருக்கமாட்டேன்.

இனிமேல் எந்தப் படத்துக்கும் எந்த எண்ணும் எழுதமாட்டேன் என்றும், தங்கள் நிலத்தில் அந்நியர் எவரும் என் காரணமாக இனிக் கால்வைக்கமாட்டார்கள் என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன். அடுத்த வாரம் மண்வெட்டியோடு வந்து கிழக்கு வரப்பை என் கையாலேயே கட்டித் தருவேன். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மேற்பார்வையாவது செய்வேன்.

தங்கள் கிழங்குகள் கணு கணுவாகப் பருக்கட்டும். புயல்கள் இவ்வாண்டு தங்கள் வயலை விட்டு விலகிப் போகட்டும். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் இருவரின் அன்பும் உரித்தாகுக.

பணிவுடன்,
மிமா யசுனோரி
(முத்திரை)

பின்குறிப்பு: அதே நாள், மாலை நான்கு மணி. உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். கமாதா இப்போதுதான் அழைத்தார். "மிமா அவர்களே, நாலு வாரம் போயும் ஒரு ஆலாகூட வரலேன்னு ரெண்டு பேரு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை இதழ்ல திருத்தம் போடணும். சரியான நம்பரச் சொல்லுங்க" என்றார். பறவைகள்தாம் போய்விட்டனவே, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது தமாயோ நனைந்த மழையங்கியோடு உள்ளே வந்து, ஐந்து ஜோடிகள் அதே திட்டில் மறுபடி முட்டையிட்டிருப்பதாக ஐந்து விரலைக் காட்டி என் காதில் முணுமுணுத்தாள். தொலைபேசியில் கமாதா காத்திருந்தார். நான் தங்கள் மேல் வயலின் எண்ணைச் சொல்லிவிட்டேன். கீழ் வயலைத் தவிர்த்ததற்குக் காரணம், மேல் வயலின் வரப்பு உறுதியானது, கொட்டகையும் பக்கம். தெரிந்தே ஒரு தவறான இடத்தைக் கொடுத்தது என் வாழ்வில் இதுவே முதல் முறை. குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. சனிக்கிழமை காலை நான்கரை மணிக்கெல்லாம் நாங்கள் இருவரும் அங்கே வந்துவிடுவோம். மற்றபடி, எண்ணைப் பதிவேட்டோடு இருமுறை ஒப்பிட்டுவிட்டேன். அதில் எந்தப் பிழையும் இல்லை.