உங்கள் கார் தேவைப்படாது, மைத்துனரே

எஸ்பஞோலா,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் எலாய் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஒர்லிண்டாவின் கணவன் ஃபிடென்சியோ எழுதிக்கொள்வது. இங்கே குவாதலூப்பே மாதாவின் கிருபையால் எல்லோரும் நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்கள் இம்பாலாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். காரைத் தனியாக விசாரிக்கக் காரணம், மற்றவர்களைவிட அதன் நலத்தில்தான் தங்களுக்கு அக்கறை அதிகம் என்று ஊரே சொல்வதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குக் கடிதம் எதற்கு என்று நினைக்கலாம். போனில் தங்கள் பெயரைக் கேட்டாலே நான் கத்துகிறேன் என்று தங்கள் தங்கை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை என் மகள் அனலீசாவின் பதினைந்தாம் பிறந்தநாள் பூசைக்கு, அவளை மாதா கோயிலுக்கு அழைத்துப்போகத் தங்கள் கார் தேவைப்படாது. அவள் என் காரில் வருவாள். தாங்கள் விருந்தினராக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், "எந்தக் கார்லடி போகப்போற?" என்று ஒர்லிண்டா கேட்டதும், அந்தப் பெண் வாயில் இருந்த போசோல் சோளக்கஞ்சியைக்கூட விழுங்காமல் "மாமா கார்ல" என்று சொன்னது ஞாபகம் இருக்கும். பெற்றவன் நான். காய்ச்சலில் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். மாமா கார்! தாங்கள் சிரித்தீர்கள். கேலியாகச் சிரித்திருந்தாலும் பொறுத்திருப்பேன்; பெருந்தன்மையாகச் சிரித்தீர்கள். எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், வயிறு எரிகிறது. செர்ரிப்பழச் சிவப்பும், டிக்கி மேல் மாதா படமும், பொத்தானை அமுக்கினால் எழுந்து நின்று, இன்னொரு பொத்தானில் பணிந்து உட்காரும் அந்த ஒய்யாரமும்! ஈஸ்டர் அன்று கார்களுக்குத் தீர்த்தம் தெளிக்க வந்த சாமியார், தங்கள் காருக்கு மட்டும் இரண்டு முறை தெளித்தார். என் மாண்டி கார்லோவுக்கு விழுந்தது அதில் தெறித்ததுதான்.

நம் ஊரில் கார் தரையோடு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு மதிப்பு; ஆகவே என் காரையும் தாழ்த்திவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தக் காலத்தில் என் அப்பா டிக்கியில் மணல் மூட்டை போட்டுத்தான் தாழ்த்துவார். மணல் கிடைக்கவில்லை, சுவர் கட்டி மிஞ்சிய சிமெண்ட் மூட்டைகள் இருந்தன, அடுக்கினேன். பின்பக்கம் அழகாக உட்கார்ந்தது, ஆனால் முன்பக்கம் வானத்தைப் பார்த்துக் குரைக்கும் நாய் மாதிரி நிமிர்ந்துகொண்டது. சரி, முன் ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்கினால் போச்சு என்று ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, அடியில் போல்ட்டைத் தளர்த்தினேன் பார், ஸ்பிரிங் சிறையிலிருந்து தப்பியவன் போலப் பாய்ந்து போய், வாசலில் ஒர்லிண்டா கட்டித் தொங்கவிட்டிருந்த சிவப்பு மிளகாய்ச் சரத்தை அறுத்துக்கொண்டு விழுந்தது. தெருவே தும்மியது. அந்த நேரம் பார்த்துத்தான் நீ வந்து வேலியில் சாய்ந்து நின்றாய்.

"மச்சான், ஸ்பிரிங்க அறுக்காத. இந்த வண்டிக்குன்னே தாழ்வான ஸ்பிரிங் செட்டா வருது, கூடவே ஷாக் அப்சர்வரையும் குட்டையா மாத்தணும். நான் கொண்டாறேன், ரெண்டு பேரும் சேந்து போட்டுடலாம்" என்றாய்.

"என் வண்டி, என் ரம்பம். நீ போய் உன் பொத்தான அமுக்கு" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

நீ போனதும் அறுத்தேன். வலது பக்கம் ஒரு சுற்று, இடது பக்கம் கண்ணில் மிளகாய் எரிந்ததால் ஒன்றரைச் சுற்று. வண்டி நொண்டியது. வலதில் கொஞ்சம் அறுத்தேன், இப்போது இந்தப் பக்கம் சாய்ந்தது. இடதில் கொஞ்சம். குரங்கு அப்பம் பங்கு வைத்த கதையாகி, கடைசியில் இரண்டு பக்கமும் சமமாயின. ஆனால் ஸ்பிரிங் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. ஓட்டினால் பல் ஆடுகிறது. திரும்பினால் டயர் மட்கார்டைத் தேய்த்துக் கதறுகிறது. முன்சக்கரங்கள் காலை அகட்டி நிற்கின்றன. அலைன்மென்ட் கடை பென்னி படுத்துப் பார்த்துவிட்டு, "சக்கரத்த நேராக்க எங்கிட்ட மெஷின் இருக்கு, ஃபிடென்சியோ. உன்ன நேராக்கத்தான் இல்ல" என்றான். கனம் குறைக்கலாமே என்று டிக்கியைத் திறந்தால், தினமும் கழுவிய தண்ணீர் ரப்பர் வழியாக இறங்கி, சிமெண்ட் அத்தனையும் காரோடு கெட்டியாகியிருந்தது. இனி அது டிக்கி இல்லை, அஸ்திவாரம்.

உன் தங்கை சுற்றிவந்து பார்த்தாள். "எங்கண்ணன் கார் வணங்குற மாதிரி இருக்கும். இது தடுக்கி விழுந்த மாதிரி இருக்கு" என்றாள். பிறந்த வீட்டுப் பாசம் எங்கே போகும்?

அனலீசா மட்டும் அருகில் வந்து, "அப்பா, நான் சொல்றத ஒரு தடவ முழுசா கேளேன்" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணும் சொல்லாத கண்ணு, பாலிஷ் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன். அப்புறமும் ஒருமுறை வந்தாள். அப்போது நான் வண்டிக்கு அடியில் இருந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்பஞோலாவிலேயே தரையோடு தரையாகப் போகும் வண்டி என்னுடையதுதான். தங்கள் இம்பாலா அதன் முன்னால் ஒட்டகம். சனிக்கிழமை அதைக் கோயிலுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நிறுத்தவும்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். மாதா தங்களுக்கு நீண்ட ஆயுளும், குறைந்த அலட்டலும் அருள்வாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள (இதைத் தங்கள் தங்கை எழுதச் சொன்னாள்)
ஃபிடென்சியோ

பி.கு.: மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இன்று சாயங்காலம் ஒத்திகைக்கு அனலீசாவை அந்தப் பெரிய கவுனோடு ஏற்றிக்கொண்டு போனேன். கோயில் வாசல் வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, வண்டியின் வயிறு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சாமியாரும் பாடகர் குழுவும் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் நானும் அவளும் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் பின் சீட்டிலிருந்து எட்டி என் தோளைத் தொட்டாள்.

"இப்பவாவது கேப்பியா? நீ வண்டி ஓட்டினா ரோட்டப் பாப்ப, அந்த வண்டியப் பாப்ப. என்னைய எப்பப் பாப்ப? மாமா ஓட்டினாதான நீ எம்பக்கத்துல உக்காந்து வர முடியும்? அதுக்குத்தான் மாமா கார்னு சொன்னேன்."

மிளகாய் நெடி இன்னும் கண்ணில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே சனிக்கிழமை இம்பாலாவை நன்றாகத் துடைத்து, முன்வாசலுக்கே கொண்டுவா. வேகத்தடை வந்தால் அந்தப் பாழாய்ப்போன பொத்தானை அமுக்கு. மாண்டி கார்லோவை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, அது அங்கேயே நிற்கும், ஓரமாகச் சுற்றி வா. போட்டோவில் எப்படியும் விழும். பின் சீட்டில் அவள் கவுன் போக மிச்சமுள்ள இடம் எனக்குப் போதும். கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டு. நான் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். பொறாமைப்படாதே, மச்சான்.