அப்பாவை நுரையால் அடைத்த நாள்

ஹார்ட்வேர் கடை வாசலில் நுரை ஸ்ப்ரே டப்பா தெரிந்தால் நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய்விடுவேன். சிலருக்குப் பாம்பு பயம், சிலருக்குப் பல்லி பயம், எனக்கு அது. சுவரில் எந்த இடுக்கானாலும் அடைக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். சத்தியமான வார்த்தை. இடுக்கை மட்டும்தான் அடைக்கும் என்று எழுதவில்லை பாருங்கள், அதுவும் சத்தியம்தான்.

அப்போது தாராவியில், ஒரு பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். நான் தாதரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தோல் பட்டறையில் வருஷக்கணக்காகப் பசை நெடியையும் தூசியையும் சுவாசித்து, கடைசியில் ஓர் இருமலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். டிபி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த இருமலைக் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டையா கேட்பார்கள்? செருப்பைத் தேடுவார்கள். இரண்டு இடம் அப்படித்தான் போயிற்று. (இரண்டாவது கோஷ்டி கேசரியைத் தின்று முடித்துவிட்டுத்தான் செருப்பைத் தேடியது. அந்த வயிற்றெரிச்சல் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.)

அதிலிருந்து அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். இருமல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொள்வார். "என்னாலதான் புள்ளைக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்கு" என்று அம்மாவிடம் சொல்வார். ஒற்றை அறையில் அம்மாவிடம் சொன்னால் எனக்குக் கேட்காமலா இருக்கும்? படுத்துக்கொண்டு கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

கல்யாணிலிருந்து மூன்றாவது இடம் வருகிறது என்றதும் அப்பாவே ஒரு திட்டம் போட்டார். அறையின் கோடியில் பலகைகளை நிறுத்தி, அவர் கட்டில் போட ஒரு தடுப்பு அடித்திருந்தோம். மழை ஈரத்திலும் வெயில் சூட்டிலும் பலகைகள் விலகி, இரண்டுக்கு நடுவே விரல் நுழையும். விரலே நுழைகிற இடத்தில் இருமலுக்கு என்ன தடை?

"ஏட்டி, அப்பா ஊருக்குப் போயிருக்காவன்னு சொல்லிருங்க. நான் உள்ளயே கெடக்கேன். இந்த இடுக்க மட்டும் அடைச்சிரு. கொஞ்ச நேரந்தானே" என்றார்.

"அதுக்கு ஒங்க வாய அடைச்சாப் போதாதா?" என்றாள் அம்மா. அழ வேண்டிய இடத்தில் அவள் இப்படித்தான் பேசுவாள்.

மிஸ்திரியைக் கூப்பிட்டால் எதற்கு அடைக்கிறீர்கள் என்று கேட்பான். பிறகு கல்யாண் வரைக்கும் செய்தி போய்விடும். அதனால் நானே செய்கிறேன் என்றேன். முதலில் பேப்பரும் மைதாப் பசையும் வைத்து அடைத்தேன். கரப்பான்கள் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுப் போயின. அப்புறம்தான் போனில் வீடியோ பார்த்து அந்த டப்பாவைக் கண்டுபிடித்தேன்.

கடைக்காரன், "தோடா மாரோ தீதி, அப்னே ஆப் பூலேகா" என்றான். கொஞ்சமாக அடி, அதுவாக உப்பும் என்கிறான். குறைவாகப் போதும் என்று சொல்கிற கடைக்காரனை பம்பாயில் நான் அதுவரை பார்த்ததில்லை, அதனாலேயே அவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கையுறை வேண்டுமா என்றும் கேட்டான். நான் என்ன ஆபரேஷனா செய்யப்போகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே போனார். போன் நடுவில் அடித்து மானத்தை வாங்கும் என்று அதையும் வெளியே கொடுத்துவிட்டார். நான் இடுக்குகளில் நுரையை அடித்தேன். பார்க்கச் சோனியாக இருந்தது. இன்னொரு சுற்று அடித்தேன். தோசைக்கு எண்ணெய் விடுகிற தாராளத்தோடு மூன்றாவது சுற்றும் அடித்தேன். எல்லாவற்றையும் விட இருமல் அதிகம் வருவது தடுப்பின் கதவோரமாகத்தான் என்று தோன்றியது. ஆகவே கதவின் நான்கு பக்கமும் அடித்தேன், அப்பா உள்ளே இருக்கும்போதே. (காய்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும் என்று டப்பாவின் பின்பக்கம் போட்டிருந்ததாம். நான் முன்பக்கத்தோடு படிப்பை நிறுத்தியவள்.)

"அப்பா, இருமுங்க!" என்று கத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"இருமிட்டீங்களா?" என்றேன். அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டோம். என்ன ஜென்மங்கள் நாங்கள்!

கை விரல்களிலும் தலைமுடியிலும் ஒட்டிய நுரை போகவே இல்லை. அம்மா அதன் மேலேயே மல்லிகைப்பூவை வைத்துவிட்டாள். மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, தாய்மாமா என்று மூன்று பேர் வந்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்த அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, "ஏணிப்படி பக்கத்து ஜன்னல்ல யாரோ பாவம், கெடந்து இருமுதாவளே, யாரு?"

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றுக்காகத் தடுப்புக்குள் அப்பா கட்டிலோரம் இருந்த ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். அந்த ஜன்னலை உரசிக்கொண்டுதான் எல்லாரும் மேலே ஏறி வர வேண்டும். வீட்டுக்குள் கேட்காதபடி அடைத்து, வருகிறவர்கள் காதுக்கு நேராக அனுப்பியிருந்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரவ" என்றாள் அம்மா.

"ஜன்னலு ஒங்க செவத்துலல்லா இருக்கு?"

"கேசரி எடுத்துக்கிடுங்க" என்றாள் அம்மா.

நான் காபியோடு வந்தேன். குனிந்தபோது அந்த அம்மாள், "தலையில என்னம்மா அது, மஞ்சளா?" என்றாள்.

"சீயக்காய்" என்றேன். கல்லாக இருந்தது அந்தச் சீயக்காய்.

அப்போது சுவரில் டக் என்று ஒரு சத்தம். இரண்டு பலகைகளுக்கு நடுவே நுரை பொங்கல் பானை மாதிரி பொங்கி வந்துகொண்டிருந்தது. பலகை எங்கள் பக்கமாக வயிற்றைத் தள்ளியது. தாய்மாமா காபியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன இது, செவரு பொங்குது?" என்றார்.

அம்மா சுவரைப் பார்க்கவே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வருஷக்கணக்கில் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டேதான் அவள் சமைத்தாள், தூங்கினாள், சண்டை போட்டாள். இன்றைக்கு அது கேட்கவில்லை. மனுஷன் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. கேசரித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பலகையில் போய் அறைந்தாள்.

"ஏங்க! ஏங்க, ஒரு தடவ இருமுங்க!"

பதில் இல்லை. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. நான் ஓடிப்போய் முட்டினேன். கதவும் பலகையும் நுரையும் ஒரே கல்லாகியிருந்தது. மாப்பிள்ளையாவது மண்ணாவது, "அப்பா! அப்பா!" என்று அலறினேன். அந்தப் பையன் எழுந்து வந்தான். தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்து நுரையைக் கொத்தினான். நான் நகத்தால் பிய்த்தேன். கடைசியில் ஒரு பலகை உடைந்து எங்கள் பக்கமாக விழுந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாயில் தலையணையை அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது வேஷ்டி, நெற்றியில் திருநீறு. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், மகளைப் பார்க்க வருகிறார்கள் என்று உள்ளே தனியாக உட்கார்ந்து உடுத்திக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன்.

அவர் தலையணையை எடுத்துவிட்டு, "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றார். பிறகு அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் இருமினார்.

அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த வாரம் தரகர் வந்தார். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "இருமலுக்காவதானே வேண்டாம்னுட்டாவ?" என்றார்.

தரகர் தலையைச் சொறிந்தார். "இல்ல அண்ணாச்சி. இருமலப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. வயசானா எல்லாருந்தான் இருமுதோம்னாவ. பெத்த அப்பனையே வச்சு அடைச்சவ, நாளைக்கு மாமியாள அடைக்க எம்புட்டு நேரம் ஆவும்னு பயப்படுதாவ."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலை நிமிர்ந்தது. பிறகு அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "கேட்டியாட்டி? என்னால நிக்கல! ஒன்னாலதான் நின்னுருக்கு!" எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கல்யாணம் நின்ற சந்தோஷத்தில் எங்கள் வீட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அவர் விடவில்லை. பால்காரரிலிருந்து டாக்டர் வரைக்கும் நுரைக் கதையைச் சொன்னார். சொல்லும்போது நுரை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பொங்கும். அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. பலகை உடைந்த ஓட்டையை அதுவரை யாரும் அடைக்கவுமில்லை.

இரண்டு வருஷம் கழித்து மான்குர்திலிருந்து ஓர் இடம் வந்தது. பின்னால் தெரிந்து வம்பாக வேண்டாம் என்று முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த டப்பாவுல மிச்சம் ஏதும் இருக்கா?" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போது அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் யார் இருமினாலும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். போன மழையில் எனக்கே சளி பிடித்து விடாமல் இருமிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஷேவிங் நுரை டப்பாவைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்து, "என்ன அத்தை, ஒங்க மகள அடைச்சிரலாமா?" என்றார்.

அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்து, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "வேண்டாம் மாப்பிள. இருமட்டும். சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."