வலியே இல்லை என்று சொன்ன நோயாளி

முதுகுவலிக்காரனைப் பார்த்து "உட்காருங்க" என்று சொல்வது மரியாதை இல்லை, தண்டனை. உட்கார்ந்தால் இடுப்பு எரியும். நின்றால் கால் மரத்துப்போகும். படுத்தால் இரண்டும் சேர்ந்து கச்சேரி வைக்கும். சாயல்குடிப் பக்கம் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் டிராக்டரிலிருந்து விழுந்தேன். ஆபரேஷன் செய்தும் வலி போகவில்லை. சில வருடங்கள் வீட்டுக்குள்ளும் வாசலிலும் உலாத்திக்கொண்டே இருந்தேன். (செருப்பு வாங்கும் செலவில் ஒரு மாடு வாங்கியிருக்கலாம்.)

மதுரையில் ஒரு வலி டாக்டர் வழி சொன்னார். "முதுகுத்தண்டு பக்கத்துல சின்ன ஒயர் வெச்சு லேசா கரண்ட் குடுப்போம். வலி மூளைக்குப் போற வழியிலேயே மட்டுப்படும். ஒரு வாரம் பேட்டரிய வெளிய வெச்சுப் பாத்துட்டு, ஒத்துக்கிட்டா உள்ள வெச்சிரலாம். அதுக்கு முன்னாடி மனநல டாக்டரைப் பாத்திருங்க. எல்லாருக்கும் உள்ள நடைமுறைதான்."

கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை. எனக்குக் கிறுக்கு என்கிறார் என்று மட்டும் புரிந்தது.

அந்த மனநல டாக்டரைப் பார்க்கப் போன அன்று காரை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி முருகேசன். அருப்புக்கோட்டை தாண்டும்வரை பாடம் எடுத்தான்.

"மச்சான், இது இன்டர்வியூ மாதிரி. என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லுங்க. சிரிச்ச முகமா இருங்க. கொஞ்சம் அசந்தா கிறுக்குன்னு எழுதிருவாக. அப்புறம் ஒயரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

(அவன் எந்த இன்டர்வியூவிலும் தேறியதில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.)

டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். "தூக்கம் எப்படி?"

"சொகமா தூங்குவேன்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டேன். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடை. முகத்தில் மட்டும் கல்யாண மண்டப வாசலில் சந்தனம் நீட்டுகிறவனின் சிரிப்பு.

"கோபம் வருமா?"

"எனக்கா? வராது."

"அழுகை?"

"இல்ல."

"கவலை?"

"இல்ல."

"வலி எவ்வளவு இருக்கு?"

வந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. "வலியா? அறவே கிடையாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முதுகுல எதுக்கு ஒயர் வெக்கணும்?"

சிரிப்பை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

எங்களோடு வந்து வெளியே காத்திருந்த என் மனைவி செல்வியைக் கூப்பிட்டார்கள். நான் சொன்ன பதில்களையெல்லாம் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொய் சொல்றாரு டாக்டர். அன்னைக்குச் சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சாரு. அப்புறம் அவரே பொறுக்கக் குனிஞ்சு, நிமிர முடியாம அங்கனயே கெடந்தாரு."

(உண்மைதான். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துதான் தூக்கிவிட்டாள்.)

பிறகு செல்வியின் குரல் இறங்கியது. "போன மாசம், நான் இல்லாமப் போயிட்டா ஒங்களுக்கு நிம்மதின்னாரு. அன்னையிலருந்து பூச்சி மருந்தையெல்லாம் தம்பி வீட்டுல வெச்சிருக்கேன்."

மருந்து தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வழி நெடுக என்னைச் சிரிக்கச் சொன்னவனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதேன்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. "உங்க வலியும் பொய்யில்ல, இதுவும் பொய்யில்ல. வலி நாள்பட்டா மனசை அரிக்கும். மனசு சோர்ந்தா வலி இன்னும் ஏறும். முதல்ல இதைப் பார்ப்போம். ஒயர் எங்கயும் ஓடிறாது."

திரும்பும்போது முருகேசன் கேட்டான். "என்ன மச்சான், பாஸா?"

"பெயிலுடா."

வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சில மாதம் மாத்திரை, பேச்சு, கொஞ்சம் தூக்கம். மறுபடி பரிசோதித்தபோது கேட்காததையும் சொன்னேன். மாமியார் வீட்டுச் சாம்பார் வரைக்கும் போய்விட்டேன். டாக்டரம்மாவே கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு ஒயர் வைத்துப் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டது, பேட்டரியும் உள்ளே போனது. வலி முழுக்கப் போகவில்லை. பாதிதான். அந்தப் பாதியில் ஒரு மனிதன் தாராளமாகப் பிழைக்கலாம்.

இப்போது விசேஷ வீடுகளில் முருகேசன் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வது இப்படித்தான்: "எங்க மச்சான். மனசுப் பரீட்சையில அரியர் எழுதிப் பாஸானவரு."

பந்தியே சிரிக்கும். நானும் சிரிக்கிறேன், பாயசம் வரும்வரை உட்கார்ந்தபடியே.