அர்த்தம் தெரியும் தூரம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எங்கள் நகரம் மனிதச் சிந்தனையை ஓரடி முன்னே நகர்த்தியது. அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். சரியாகச் சொன்னால், பதினைந்து அடி தள்ளி இருந்தேன்.

நாற்சந்தியில் நிற்பது ஒரு சிமென்ட் மனிதர். வலது கையை நீட்டியிருப்பார். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவராம். கை நீர்த்தேக்கத்தைக் காட்டியது. அந்தப் பக்கம் இப்போது வங்கி இருக்கிறது. ஐம்பது வருடங்களாக அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போன மழையில் தோளில் விரிசல் விட்டது. அன்றிலிருந்து அவருக்கு அர்த்தம் வந்துவிட்டது.

முதலில் கண்டுகொண்டவர் எங்கள் ஊர்க் கல்லூரிப் பேராசிரியர். "இவர் தண்ணீர்க்காரர் இல்ல. தன்னைவிட்டுத் தானே பிரியற நவீன மனுஷன்" என்றார். பிறகு கூட்டம் வந்தது. ஒருவர் விரிசலில் நாகரிகத்தின் சரிவைக் கண்டார். இன்னொருவர் தன் விவாகரத்தைக் கண்டு அழுதார். நகரசபை உடனே 'பொதுச்சிலைப் பொருளுணர்வுக் குழு' அமைத்தது. பேராசிரியர் தலைவர். நகரசபைப் பொறியாளர் உறுப்பினர். நான் செயலாளர்.

பொறியாளருக்குக் கலை தெரியாது. "உள்ள கம்பி துருப்பிடிச்சுப் போச்சு சார். கை எப்ப வேணாலும் விழும். எதுக்கும் ஜனங்க பதினஞ்சு அடி தள்ளி நிக்கட்டும்" என்றார். கருத்தைக் குழு செம்மைப்படுத்தி ஏற்றது. சிலையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டோம். பக்கத்தில் பலகை வைத்தோம்: 'அர்த்தம் தெரியும் தூரம்.'

கோட்டுக்குள் ஒருத்திதான் இருந்தாள். தையல் மெஷினோடு. என் மனைவியின் தங்கை. அவள் உரிமத்தில் இடம் 'சிலையின் வலக்கைக்குக் கீழ்' என்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் மெஷினை நகரசபை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த மெஷினால்.

"அத்தான், ஒண்ணு கையைச் சரி பண்ணுங்க. இல்ல, என்னை எதிர்ப்பக்கம் உக்கார விடுங்க. நேத்து தேங்காய் மாதிரி ஒரு துண்டு மெஷின் மேல விழுந்துச்சு" என்றாள்.

நான் பதறிப்போய்ப் பேராசிரியரிடம் ஓடினேன். அவரும் பதறினார். "துண்டு பத்திரமா இருக்கா?"

இருந்தது. அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டியில், வெல்வெட் மேல் வைத்தோம். வெல்வெட்டுக்கு ஓரம் அடித்துத் தந்தவள் அவளேதான்.

அவள் மனுவை விசாரிக்கச் செவ்வாய்க்கிழமை நேரிலேயே போனோம். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்தோம்.

"விரிசலைப் பூசறது, கவிதையில நல்ல வரியை அடிக்கிற மாதிரிம்மா" என்றார் பேராசிரியர்.

"பூச வேணாம் சார். நான் நகர்ந்துக்கறேன்."

"ஐயோ, நகரவே கூடாது. மேல பிளந்துபோன மனுஷன். கீழ குனிஞ்சு தைக்கிற பெண். அந்த விரிசலைத் தைக்கிறதே நீங்கதாம்மா."

"நான் பேன்ட்டுக்கு ஜிப் தைக்கிறேன் சார்."

"அது உங்க 'வாசிப்பு'."

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "சார், அந்தம்மா தலைக்கு நேர் மேலதான்..."

"எல்லாத்தையும் கம்பி, சிமென்ட்டுன்னே பாக்காதீங்க" என்றார் தலைவர். பொறியாளர் வெட்கப்பட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தீர்மானம் நிறைவேறியது. தையல்காரப் பெண் 'சிற்பத்தின் பிரிக்க முடியாத பகுதி'. இடம் மாறுவது கலைக்குச் சேதம் விளைவித்த குற்றமாகும். வாசகம் என்னுடையது. எங்கள் குடும்பத்தில் கலையாகவே ஆனவர் இதுவரை யாரும் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. எல்லோரும் கைதட்டினோம். தோளிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

அவள் தலையில் விழுந்த தூளைத் தட்டிவிட்டாள். மடியிலிருந்த பேன்ட்டை உதறி மடித்து வைத்தாள். எழுந்தாள்.

"ரொம்ப சந்தோஷம் சார். நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இடம் காலியா கிடந்தா அர்த்தம் கெட்டுப்போயிடும்ல?"

ஸ்டூலைத் துடைத்து எங்கள் பக்கம் திருப்பிப் போட்டாள். பேராசிரியர் வங்கியைப் பார்த்தார். பொறியாளர் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அத்தான், நீங்க வந்து உக்காருறீங்களா?"