ஆயிரத்துக்காரர் எண்ணிய தண்ணீர்

மோட்டார் இறைக்கும் தண்ணீரை வாயால் எண்ணியவர் உலகத்திலேயே ஒருவர்தான். முசரவாக்கத்தில் அவருக்கு ஆயிரத்துக்காரர் என்று பெயர்.

ஏற்றம் இறைத்த நாளில் கிணற்றிலிருந்து ஏறும் ஒவ்வொரு சால் தண்ணீரையும் எண்ணுவார்கள். ஒன்று என்று சொல்லாமல், நெல் அளப்பதுபோல ‘லாபம்’ என்று தொடங்குவார்கள். கிணறு அவருக்கும் இறந்துபோன தம்பியின் மனைவிக்கும் பொது. தனக்கு ஆயிரம் சால், அந்த அம்மாவுக்கு ஆயிரம். ஊருக்கு மின்சாரம் வந்து மகன் மோட்டார் போட்ட பிறகும், பக்கத்தில் உட்கார்ந்து பழைய வேகத்திலேயே எண்ணினார்.

மகன் கைக்கடிகாரம் வாங்கி வந்தான்.

“இதப் பாத்து ஆளுக்கு மூணு மணி நேரம்னு உடுப்பா.”

“கரன்ட்டு நின்னா இது நிக்குமா?”

“நிக்காது.”

“அப்ப இதுக்கு இன்னா தெரியும்? எடுத்துக்கினு போ.”

கரன்ட்டு அடிக்கடி நின்றது. எண் மறந்துவிடும் என்று அப்போது வாயே திறக்க மாட்டார். வயலில் எருமை இறங்கினாலும் கையைத் தட்டித்தான் விரட்டுவார்.

இது தெரியாமல் அவர் மகளைப் பெண் பார்க்க அம்மாவும் நானும் கூரத்திலிருந்து போனோம். எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. அவரோ கும்பிட்டார், பாய் போட்டார், அணைந்திருந்த பல்பையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான்.

“மாப்பிள்ளையும் பேசல, மாமனாரும் பேசல. நான் செவுத்துக்கிட்டயா சம்பந்தம் பேசறது? எழுந்திருடா!”

பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கதவோரம் நின்ற பெண்தான் பேசினாள். “கோச்சிக்காதீங்கம்மா. கரன்ட்டு போய்ட்ச்சி. சித்தி பங்கு பாதியில நிக்குது. பேசினா அப்பாவுக்கு மறந்துபூடும்.”

“மறந்தா இன்னாவாம்?”

“சித்திக்குக் கொறஞ்சிடும்மா.”

அம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

பல்பு எரிந்தது. ஆயிரத்துக்காரர் ஓடினார். கிணற்றடியிலிருந்து, “நானூத்தி அறுபத்தொண்ணு!” என்று குரல் கேட்டது. ஆயிரம் முடித்துத் திரும்பி வந்து, “வாங்கம்மா, எப்ப வந்தீங்க?” என்றார்.

எங்கள் கல்யாணம் நடந்து பல வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் மைத்துனன் மோட்டாரைப் போட்டான். சித்தி மண்வெட்டியோடு மடையில் நின்றாள், எண்ணும் குரலுக்காக. யாரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் எதிரில் நான் “லாபம்” என்றேன்.

இரண்டு என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.